பெல்லட் அடுப்பு: சுத்தமும் பராமரிப்பும் – குமரி மாவட்ட வீடுகளுக்கான கேள்வி பதில்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் சமையலுக்குப் பெல்லட் அடுப்பு வைத்திருப்பவர்கள் ரிப்பேருக்கு வரும்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அடுப்போடு வரும் சிறு புத்தகத்தில் கடல்காற்றைப் பற்றியோ, வருடத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள ஊரைப் பற்றியோ ஒரு வரியும் இருக்காது. அதனால் நம் ஊருக்கு ஏற்றபடி இங்கே பதில் சொல்கிறேன். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளைப் போட்டு, அடியில் உள்ள ஃபேன் காற்றில் எரிக்கும் வீட்டுச் சமையல் அடுப்பைத்தான் இங்கே பெல்லட் அடுப்பு என்கிறேன்.

அடுப்புக்குள் என்னதான் நடக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெல்லட் போடும் உள்பாத்திரத்தைக் கடைக்காரர்கள் சேம்பர் என்பார்கள். அதன் அடியில் ஒரு வரிசைத் துளைகள் இருக்கும், விளிம்புக்குச் சற்றுக் கீழே இன்னொரு வரிசை. ஃபேன் காற்று இரண்டு வழியாகவும் உள்ளே போகும். தீயை மேலே மூட்டுகிறோம். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அடித்துளைக் காற்றில் பெல்லட் வெந்து புகையாக மாறும். அந்தப் புகை மேலே வரும்போது மேல்துளைக் காற்று கலந்து, புகையே தீயாக எரியும். கடைசியில் மிஞ்சுவது கரி. அதுவும் கங்காகக் கொஞ்ச நேரம் சூடு கொடுத்துவிட்டுச் சாம்பலாகும்.

அடித்துளை அடைத்தால் தீ மந்தமாகும். மேல்துளை அடைத்தால் புகை எரியாமல் அப்படியே அடுக்களைக்குள் வரும். என்னிடம் வரும் அடுப்புகளில் முக்கால்வாசி இந்தக் காற்றுவழிக் கோளாறுதான். ஃபேன், துளை, பெல்லட்டின் ஈரம் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொண்டால் மற்றது தானே நடக்கும்.

தினமும் என்ன செய்ய வேண்டும்?

காலையில் பற்றவைப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். முந்தின நாள் சாம்பலை, உள்ளே கங்கு இல்லை என்று கிளறிப் பார்த்துவிட்டு, தட்டிக் கொட்டுங்கள். சேம்பர் கழற்ற வருவதாக இருந்தால் கழற்றிக் கவிழ்க்கலாம், இல்லையென்றால் அடுப்பையே சாய்த்துக் கொட்டலாம். ஃபேன் பக்கம் மட்டும் கீழே வரக்கூடாது, சாம்பல் அதற்குள் இறங்கிவிடும். அப்புறம் பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்றால் உள்ளே ஒரு சுற்று துடைத்துவிட்டு, அடித்துளைகளை ஒரு பார்வை பாருங்கள்.

துளை குத்த நம் ஊரில் ஈர்க்குச்சியைவிட நல்ல கருவி கிடையாது. துளையைக் கீறாது, உடைந்தாலும் அடுத்த தீயில் எரிந்துபோகும். சாம்பல் இறுகிப்போன இடத்துக்கு மட்டும் பழைய குடைக்கம்பி. ஆணி, திருப்புளி வேண்டாம். மெல்லிய தகட்டில் துளை பெரிதாகிவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் காற்று பாயும், தீ ஒருச்சாய்ந்து எரியும். அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

கஞ்சி பொங்கி வழிந்த நாளில் மட்டும் மேல்துளைகளையும் பாருங்கள். சோற்றுக் கஞ்சியும் சாம்பலும் சேர்ந்து சூட்டில் இறுகினால் சிமெண்ட் வைத்துப் பூசியதுபோல் ஆகிவிடும். அன்றே, அடுப்பு ஆறியதும் லேசாக நனைத்த துணியால் துடைத்தால் வந்துவிடும். நாலு நாள் போனால் குடைக்கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். மீன்குழம்பு வழிந்தாலும் விடாதீர்கள். புளியும் உப்பும் தகட்டைத் தின்றுவிடும்.

சமைத்து முடித்ததும் சாம்பலைக் கொட்டிவிடலாமா?

கூடாது. மேலே வெள்ளைச் சாம்பலாக ஆறிக் கிடக்கும், கிளறினால் உள்ளே கங்கு சிவப்பாக இருக்கும். சாம்பல் சூட்டை நன்றாகப் பொதிந்து வைக்கும் பொருள். ராத்திரி போட்ட கங்கு மறுநாளும் உயிரோடு இருப்பது சாதாரணம். அவசரமாகக் கொட்டியே ஆக வேண்டுமென்றால் மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி, மூடி, சிமெண்ட் தரையில் வையுங்கள். பிளாஸ்டிக் வாளி, குப்பைக்கூடை, தென்னை மூட்டில் குவித்திருக்கும் காய்ந்த ஓலை, இந்தப் பக்கமே போகக்கூடாது. பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு கங்கு போதும்.

தண்ணீர் விட்டுக் கழுவலாமா?

வேண்டாம். சூடாக இருந்தால் உள்சுவர் வெடிக்கும், தகடு கோணும். ஆறியிருந்தாலும் தண்ணீர் ஃபேனுக்கும் வயருக்கும் இறங்கும். உலர்ந்த பிரஷும், வெளிப்பக்கத்துக்கு நனைத்துப் பிழிந்த துணியும் போதும்.

துளை அடைத்திருக்கிறது என்பதைத் தீயைப் பார்த்தே சொல்ல முடியுமா?

முடியும். பாத்திரத்தை எடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். நல்ல அடுப்பில் மேல்துளை ஒவ்வொன்றிலிருந்தும் தீ உள்நோக்கி, சிறு நாக்குகளாக, சுற்றிலும் ஒரே அளவில் வரும். புகை கண்ணுக்குத் தெரியாது.

ஒரு பக்கம் நாக்கு இல்லையென்றால் அந்தப் பக்கத் துளைகள் அடைத்திருக்கின்றன. தீ உயரமாக, மஞ்சளாக, சோம்பலாக ஆடி நுனியில் கருப்புப் புகை விட்டால் மேல்காற்று போதவில்லை. ஃபேன் வேகம் குறைந்திருக்கலாம், அல்லது சேம்பரில் பெல்லட்டை மேல்துளை மூடும் அளவுக்கு நிரப்பியிருப்பீர்கள். மேல்துளைக்கு இரண்டு விரல் கீழே நிறுத்த வேண்டும். பற்றவைத்து வெகுநேரம் ஆன பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் பெல்லட் ஈரம். தீ எழும்பி எழும்பி அணையப் பார்த்தால் ஃபேன் வேகம் அதிகம், குமிழைக் குறையுங்கள்.

சாம்பல் பொடியாக வராமல் கல்லாக உறைகிறதே, ஏன்?

கோளாறு பெல்லட்டில் இருக்கிறது. சுத்தமான மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், அல்லது அதற்கும் கீழேதான். ஒரு கிலோ எரித்தால் ஒன்றிரண்டு கரண்டி. மரப்பட்டை சேர்ந்தால் கூடும். உமி கலந்த பெல்லட்டில் கதையே வேறு. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி மணலில் உள்ள அதே சிலிகா. கிலோவுக்கு இருநூறு கிராம் சாம்பல் என்றால் சமையல் முடியும் முன்பே அடித்துளை மூடிவிடும். நாஞ்சில்நாட்டு அரிசி ஆலை உமி மலிவாகக் கிடைக்கிறது என்று கலப்பவர்கள் உண்டு. சாக்கில் என்ன எழுதியிருந்தாலும் ஒரு கிலோ எரித்துச் சாம்பலை நிறுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கல்லாக உறைவதற்குப் பொட்டாசியமும் ஒரு காரணம். கதம்பையிலும், அதாவது தேங்காய் மட்டையிலும், நார்க்கழிவிலும் பொட்டாசியம் நிறைய. அது சிலிகாவோடு சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே உருகி, ஆறும்போது கண்ணாடிபோல் கட்டிவிடும். அப்படிக் கட்டி கண்டால் அடுப்பு முழுதாக ஆறிய பிறகு மரக்கட்டையால் லேசாகத் தட்டி உடைத்தெடுங்கள். உளி வைக்காதீர்கள். அப்புறம் பெல்லட் வாங்கும் கடையை மாற்றுங்கள்.

ஃபேன் சத்தம் போடுகிறது, வேகம் குறைகிறது. மாற்ற வேண்டுமா?

முதலில் திறந்து பாருங்கள். குளச்சல் பக்கத்து வீடு ஒன்றில் ஃபேன் செத்துவிட்டது என்று கொண்டுவந்தார்கள். அடிமூடியைக் கழற்றியதும் இறக்கை ஒவ்வொன்றின் ஓரத்திலும் சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பான ஒரு அடை, விரலால் வழித்தால் மாவுபோல் உருண்டது. கடல்காற்றின் உப்பு ஈரத்தை இழுக்கிறது, அந்த ஈரத்தில் அடுப்புச் சாம்பல் ஒட்டுகிறது. ஒரு இறக்கையில் அதிகம், இன்னொன்றில் குறைவு என்றால் சுற்றும்போது ஆடும், சத்தம் வரும், பேரிங் தேயும். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. டூத் பிரஷால் உரசியதும் ஃபேன் பழையபடி சுற்றியது.

செய்யும் முறை இதுதான். பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். அடிமூடியைத் திறந்து, இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு உலர்ந்த பிரஷால் தேய்த்தெடுங்கள். சைக்கிள் கடையில் காற்றடித்துக் கொண்டுவருகிறேன் என்பார்கள். இறக்கையைப் பிடிக்காமல் காற்றடித்தால் ஃபேன் தாறுமாறாகச் சுற்றிக் கெட்டுவிடும். காற்று உள்ளே போகும் வலையையும் சுத்தம் செய்யுங்கள், பூனைமுடியும் ஒட்டடையும் அங்கேதான் சேரும்.

நடு ஸ்டிக்கரைத் தூக்கினால் அச்சு தெரிகிற வகை ஃபேன் என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். ஒன்றே ஒன்று. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் கதவுக் கீலிலிருந்து தலை வரைக்கும் அதுதான் மருந்து, எனக்கும் தெரியும். ஆனால் சூட்டில் அது நாளாக ஆகப் பிசினாகி அச்சை இறுக்கிவிடும்.

அடுத்தது வயர் முனை. பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் ஃபேனுக்குப் போகும் கரண்ட் குறையும். முனையைக் கழற்றி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, திரும்ப மாட்டி, மேலே வாசலின் மெல்லிசாகத் தடவுங்கள். சின்னமுட்டம், மணக்குடி, கொல்லங்கோடு போன்ற கரையோர ஊர்களில் இதை மாதம் ஒருமுறை செய்யலாம். குலசேகரம், திருவட்டாறு பக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். இவ்வளவும் செய்த பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் பேரிங் போய்விட்டது. ஃபேனை மாற்றுங்கள். பழைய ஃபேனில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் அளவையும் பார்த்து அதே மாதிரி வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் கடை ஃபேன் அளவில் பொருந்தினாலும் காற்று தள்ளும் பலம் ஒன்றாக இருக்காது.

எவர்சில்வர் என்று சொல்லித்தான் விற்றார்கள். துருப்பிடிக்கிறதே?

எவர்சில்வரும் கடல் பக்கத்தில் பழுப்புப் புள்ளி எடுக்கும். உப்பு அதன் மேல்தோலைக் குத்தும். வாரம் ஒருமுறை நல்லதண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்தால் புள்ளி பெருகாது. இரும்பு நார் வைத்துத் தேய்க்காதீர்கள். நாரின் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருவாகும். சாதா இரும்பு உடம்பு என்றால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, சூடு தாங்கும் அலுமினியப் பெயிண்ட் வெளிப்பக்கம் மட்டும் அடிக்கலாம். சேம்பருக்குள் எந்தப் பெயிண்டும் வேண்டாம்.

மழைக்காலத்தில் பெல்லட்டை எப்படி வைப்பது?

இந்த மாவட்டத்தில் பெல்லட் அடுப்பு வைத்திருப்பவருக்குப் பெரிய தலைவலி இதுதான். இடவப்பாதியில், அதாவது ஜூன் தொடக்கத்தில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. இடையிலும் காற்றில் ஈரம் குறையாது. பெல்லட்டைக் கட்டிவைத்திருப்பது பசை அல்ல, மரத்திலேயே உள்ள லிக்னின்தான் அழுத்தத்திலும் சூட்டிலும் இளகி ஒட்டுகிறது. ஈரம் பட்டால் அந்தப் பிடி விட்டு, குச்சி ஊதி, மரத்தூளாகத் திரும்பிவிடும். ஒருமுறை ஊதியதை வெயிலில் காயவைத்தாலும் குச்சியாகாது.

நல்ல பெல்லட்டில் ஈரம் நூற்றுக்குப் பத்துக்குக் கீழே இருக்கும். வீட்டிலேயே பார்க்க வழி உண்டு. ஒரு குச்சியை இரண்டு கையாலும் ஒடியுங்கள். டப்பென்று ஒடிய வேண்டும். வளைந்து பிய்ந்தால் ஈரம். ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும். மிதந்தால் சரியாக அழுத்தவில்லை, சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும்.

சாக்கோடு தரையில் வைக்காதீர்கள். தரையிலிருந்து ஈரமும் ஏறும், கறையானும் ஏறும். இறுக்கமான மூடியுள்ள இருபது லிட்டர் பெயிண்ட் வாளி நன்றாகக் கழுவிக் காயவைத்தது இருந்தால் அதுவே போதும். ஒரு வாரத்துக்கு உள்ளதை மட்டும் அடுக்களையில் வைத்து, மீதியைக் கட்டிய சாக்கோடு பலகை மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலேயே வாளியை வைத்தால் காய்ந்திருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு பொறி தெறித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சாக்கின் அடியில் சேரும் தூளை அரிப்பில் அரித்துத் தள்ளிவிடுங்கள். தூளோடு கொட்டினால் குச்சிகளுக்கு இடையே காற்றுப் போகாது, புகைதான் வரும். தூளைக் குப்பைக்குழியில் போட்டால் மட்கிவிடும்.

தோட்டத்தில் சிரட்டை, கதம்பை நிறையக் கிடக்கிறது. பெல்லட்டோடு போடலாமா?

சிரட்டையைச் சிறு சில்லாக உடைத்து, அடுப்போடு வந்த குறிப்பில் அனுமதி இருந்தால் கொஞ்சம் கலக்கலாம். சாம்பல் குறைவு, ஆனால் சூடு அதிகம். மெல்லிய தகட்டுச் சேம்பரில் சிரட்டையை மட்டும் போட்டால் தகடு சீக்கிரம் கோணிப்போகும். கதம்பை வேண்டாம், காரணம் மேலே சொன்னேன். தென்னம்பாளையின் காய்ந்த மடலான கொதும்பை விரல் நீளத்துக்குப் பிளந்து காயவைத்துப் பற்றவைக்க வைத்துக்கொள்ளுங்கள், மண்ணெண்ணெயே தேவைப்படாது. சின்னதாக ஒரு சூடமும் கைகொடுக்கும். பெட்ரோல், டீசல் பக்கம் போகாதீர்கள். சூடான அடுப்பில் மண்ணெண்ணெயும் ஊற்றக்கூடாது, ஆவி திடீரென்று பற்றி முகத்துக்கு வரும்.

அண்டி ஓடு, அதாவது முந்திரிக்கொட்டை ஓடு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அண்டி ஆபீஸ் உள்ள ஊர்களில் அது சல்லிசாகக் கிடைக்கும், நன்றாகவும் எரியும். ஆனால் முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய். அண்டி தல்லும் பெண்களின் கையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். அதை எரித்தால் அந்தக் காட்டம் புகையாக வரும், கண்ணும் தொண்டையும் எரியும், துளைகளில் தார்போல் படியும். எண்ணெய் எடுத்த ஓட்டிலும் மிச்சம் இருக்கும். வீட்டு அடுப்புக்கு அது ஆகாது.

பிளைவுட் துண்டு, பெயிண்ட் அடித்த பலகை, மைக்கா ஒட்டிய பலகை இவற்றின் தூளும் கூடாது.

ஆரல்வாய்மொழியில் இருக்கிறோம். காற்று அடிக்கும்போது அடுப்பில் தீ நிற்கவே மாட்டேன் என்கிறது.

முப்பந்தலில் காற்றாலை நட்டதே அந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தான், அடுப்புக்கு மட்டும் இரக்கம் காட்டுமா? அடுப்பை ஜன்னலுக்கு நேராக வைக்காமல் மூலைக்கு மாற்றுங்கள். வெளியில் வைத்துச் சமைப்பதாக இருந்தால் காற்று வரும் பக்கம் மட்டும் ஒரு தகடு மறைப்பு, அடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி. நான்கு பக்கமும் நெருக்கி மூடினால் ஃபேனுக்குக் காற்று கிடைக்காது, அதோடு பேட்டரியும் வேகும். இந்த ஊர்களில் காற்றோடு மண்ணும் வரும், ஃபேன் வலையை வாரம் ஒருமுறை பாருங்கள்.

பாத்திரம் கரி பிடிக்கிறது. மாமியார் அடியில் சாம்பல் கரைத்துப் பூசச் சொல்கிறார்கள்.

பூசுங்கள், தேய்ப்பது சுலபமாகும். ஆனால் நன்றாக எரியும் பெல்லட் அடுப்பில் கரி லேசாகத்தான் படியும். திடீரென்று அட்டைக்கரியாகப் படிய ஆரம்பித்தால் மேல்துளையையும் ஃபேனையும் பாருங்கள். பாத்திரம் சேம்பர் வாயில் நேராக உட்காரக்கூடாது, தாங்கி உயரம் இருக்க வேண்டும். சிலர் சூடு வீணாகிறது என்று தாங்கியைக் கழற்றிவிடுவார்கள். தீ மூச்சு முட்டிக் கரி கக்கும்.

சமையல் பாதியில் கரண்ட் போனால்?

பேட்டரி உள்ள அடுப்பு என்றால் கவலை இல்லை. கரண்டில் மட்டும் ஓடுவது என்றால் ஃபேன் நின்றதும் புகை கிளம்பும், சூடும் கீழே ஃபேன் பக்கம் இறங்கும். ஜன்னலைத் திறந்துவிட்டு, பாத்திரத்தை எடுத்துவிட்டு, அடுப்போடு கொடுத்த மூடி இருந்தால் மூடுங்கள். எரியும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டாம். வழக்கமாகச் சமைத்து முடித்த பிறகும் ஃபேனை உடனே நிறுத்தாமல் சில நிமிடம் ஓடவிடுவது நல்லது. கரி முழுதாக எரியும், அடிப்பாகமும் ஆறும்.

பேட்டரியைத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்காக விட்டால் கெட்டுவிடும், பழைய வகை ஈய பேட்டரி என்றால் நிச்சயமாக. அடுப்பைப் பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மழை எச்சரிக்கை வந்தால் செல்போனோடு அடுப்பு பேட்டரியையும் சேர்த்துச் சார்ஜ் போடுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புகையே இல்லை. அப்படியானால் ஜன்னலை மூடிக்கொண்டு சமைக்கலாமா?

கூடவே கூடாது. புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதிலும் தீ அடங்கி வெறும் கங்காக இருக்கும் கடைசிக் கட்டத்தில்தான் அது அதிகம். பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டு இடைவெளி வழியே போய்விடும், அடுக்களையும் தனியாக இருக்கும். இப்போதைய கான்கிரீட் வீட்டில் அப்படிப் போக வழியில்லை. ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓட வேண்டும்.

மழைக்காலத்தில் துணி காய்வதற்காகக் கங்கோடு அடுப்பைப் படுக்கையறையில் வைப்பவர்கள் உண்டு. தூக்கத்திலேயே உயிர் போகும் விஷயம் இது. குழந்தைத் துணியாக இருந்தாலும் சரி, செய்யாதீர்கள்.

புகைப்போக்கிக் குழாய் வைத்திருப்பவர்கள் வருடம் இரண்டு முறை அதைத் தட்டிக் கரி எடுக்க வேண்டும். வெளியூர் போய்விட்டு வந்தால் பற்றவைக்கும் முன்னால் மேலே அணில், குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

உள்சுவரில் வெடிப்பு. சிமெண்ட் பூசலாமா?

சாதா சிமெண்ட் அந்தச் சூட்டில் பொடிந்து உதிரும். களிமண் காய்ந்ததும் சுருங்கி விழும். ஹார்டுவேர் கடையில் சூடு தாங்கும் பூச்சு கிடைக்கும், அதைப் பூசி ஒரு நாள் காயவிட்டு, முதல் தீயைச் சிறிதாக மூட்டுங்கள். முடி அளவு வெடிப்பை விட்டுவிடலாம். துண்டு பெயர்ந்தால் சேம்பரை மாற்ற வேண்டும்.

சாம்பலைத் தென்னைக்குப் போடலாமா?

தாராளமாக. மரச்சாம்பலில் பொட்டாஷ் உண்டு, தென்னைக்கும் மரச்சீனிக்கும் அது வேண்டும். செம்மண் பாங்கான நம் மேட்டுநிலங்களின் புளிப்பையும் கொஞ்சம் குறைக்கும். மூட்டை ஒட்டிக் குவிக்காமல் தடத்தில் பரப்பி மண்ணோடு கிளறிவிடுங்கள். யூரியா போடும் நாளில் சாம்பல் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மழையில் நனையவிட்ட சாம்பலில் பொட்டாஷ் கரைந்துபோயிருக்கும், அதனால் நனையாமல் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரப்பர் மரப்பலகைக்குப் பூச்சி பிடிக்காமலிருக்க போராக்ஸ், போரிக் அமிலம் ஏற்றுவார்கள். அறுவை மில்லில் பச்சை மரம் அறுக்கும்போது வரும் தூளில் அது இருக்காது. மருந்தேற்றிய பலகையை இழைத்த தூளில் இருக்கும். போரான் கூடினால் செடி கருகும். எந்தத் தூள் என்று தெரியாத பெல்லட்டின் சாம்பலைக் கீரைப்பாத்தியில் போடாமலிருப்பது நல்லது.

கேஸுக்குப் பதிலாக எவ்வளவு பெல்லட் ஆகும்?

நல்ல நிலையில் உள்ள அடுப்பில், ஒரு கிலோ கேஸ் செய்யும் வேலைக்கு நாலு முதல் ஐந்து கிலோ பெல்லட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஃபேன் வைத்த அடுப்பின் வெப்பத்திறன் 35 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13152 சொல்கிறது. ஃபேன் இல்லாத அடுப்புக்கு 25 சதவீதம். வாங்கும்போது அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அது புது அடுப்பைச் சோதித்துக் கொடுத்த எண். துளை அடைத்த அடுப்பு அந்த அளவுக்கு எட்டாது. போன மாதத்தைவிட பெல்லட் அதிகம் செலவாகிறது என்றால் விலைவாசியைத் திட்டும் முன்னால் ஃபேனைத் திறந்து பாருங்கள்.

மகன் கனடாவில் இருக்கிறான். அவன் வீட்டிலும் பெல்லட் ஸ்டவ் என்கிறான். அதுவும் இதுவும் ஒன்றா?

எரிபொருள் ஒன்றுதான், வேலை வேறு. அது குளிருக்கு அறையைச் சூடாக்கும் கருவி. மேலே ஒரு தொட்டியில் பெல்லட்டைக் கொட்டினால் திருகுக்கம்பி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக எரிகலத்துக்குத் தள்ளும். புகை ஃபேன் வைத்துக் குழாய் வழியே வெளியே போகும். குளிர்காலம் முழுக்க மணிக்கணக்கில் ஓடுவதால் பராமரிப்பும் அதிகம்.

அவனுக்குச் சொல்ல வேண்டியவை: பிளக்கைப் பிடுங்கி, முழுதாக ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். எரிகலத்தைத் தினமும் சுரண்டி, துளைகளைப் பார்க்க வேண்டும். சாம்பல் தட்டு, கண்ணாடி, சூடு மாற்றும் குழாய்கள் வாராவாரம். சாதா வேக்கூம் கிளீனரால் சாம்பலை இழுக்கக்கூடாது. நுண்சாம்பல் அதன் வடிகட்டியைத் தாண்டி அறைக்கே திரும்பும், ஒரு கங்கு போனால் உள்ளேயே தீப்பிடிக்கும். சாம்பலுக்கென்றே தனி வேக்கூம் உண்டு. கதவு விளிம்பில் உள்ள கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுலபமாக உருவி வந்தால் மாற்ற வேண்டும். புகைக்குழாயை வருடம் ஒருமுறையாவது ஆள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். குளிர்காலம் முடிந்ததும் தொட்டியையும் திருகுக்கம்பியையும் காலி செய்யாவிட்டால், உள்ளே கிடக்கும் பெல்லட் ஈரத்தில் ஊதி இறுகிவிடும். வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

முழு சர்வீஸ் எப்போது செய்வது?

இடவப்பாதி தொடங்கும் முன்னால், அதாவது மே மாதத்தில் ஒருமுறை. புரட்டாசியில் இன்னொரு முறை. ஃபேன், வயர் முனை, சேம்பர், தாங்கி, அடி ஸ்குரூ எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கலாம். கடைக்குக் கொண்டுவருபவர்கள் தயவுசெய்து சாம்பலைக் கொட்டிவிட்டு, நன்றாக ஆறவைத்துக் கொண்டுவாருங்கள். சார்ஜரையும் எடுத்து வாருங்கள், சில நேரம் கோளாறு அதில்தான் இருக்கிறது. இப்போது போட்டுக்கொண்டிருக்கும் பெல்லட்டில் ஒரு கைப்பிடியைக் கவரில் கட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.